ஏழை நீக்கினேன்

மார்ச் 3, திங்கள்

மிக்ஸி புகைந்துவிட்டது. சட்னிக்குப் பதில் பொடியை வைத்தபடி அம்மா, "கவர்மெண்ட் உத்தியோகத்துல இருக்கறவ வீட்டுல ஒரு நல்ல மிக்ஸி இல்ல" என்றாள். என் உத்தியோகம் கவர்மெண்ட் இல்லை, ஒப்பந்தம், அதுவும் மார்ச் 31 வரைதான் என்று எத்தனை முறை சொன்னாலும் அவள் காதில் ஏறுவதில்லை. தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். இனி ஏறவே ஏறாது.

மாவட்டக் குடிநீர்த் திட்ட அலுவலகத்தில் நான் தரவு உதவியாளர். எம்.எஸ்சி. புள்ளியியல். இந்த மாதம் ஒரே வேலை: மாவட்டத்தில் உள்ள எல்லா ஊர்களின் இருப்பிடப் பட்டியலைத் தயார் செய்வது. பட்டியலில் இருக்கும் ஊருக்கும் அதன் பக்கத்துத் தண்ணீருக்கும் எவ்வளவு தூரம் என்று தலைமை அலுவலகம் கணக்குப் போடும். ரொம்ப தூரம் என்றால் அந்த ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி. பட்டியலில் இல்லாத ஊர் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

கண்காணிப்பாளர் தணிகாசலம் சார் கூப்பிட்டுச் சொன்னார்: "பட்டியல் பிழையில்லாம போச்சுன்னா உனக்கு நீட்டிப்பு. பிழை வந்துச்சுன்னா, என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

எனக்குப் பயமில்லை. என் வேலையில் பிழை வராது.

மார்ச் 4, செவ்வாய்

மிக்ஸிக்காரர் வரவில்லை.

கள அளவையாளர் பிச்சாண்டி அண்ணன் கைபேசியில் பதிந்துகொண்டு வந்தவை மொத்தம் 1,153 ஊர்கள். ஒவ்வொரு ஊரும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குள் இரண்டு எண்கள், கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்பவை, சுண்டல் பொட்டலம் மாதிரி ஒன்றாக மடித்துக் கிடக்கும். மேலிடத்துக்குப் பொட்டலம் ஆகாது. இரண்டு எண்ணும் தனித்தனிக் கட்டத்தில் வேண்டும்.

ஆர் என்ற கணினி மொழியில் இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு: எஸ்டி கோஆர்டினேட்ஸ். ஒரே வரி. அடித்தேன். எண்கள் கொட்டின. ஊர்ப்பெயர்கள் மட்டும் கூட வராது. அவற்றை வரிசை எண்ணை வைத்துப் பிறகு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஒட்டுவதற்கு முன்னால் சுத்தம் செய்தேன். எட்டு வரிகளில் ஆறு தசம இடம் வரை அச்சு அசலாக ஒரே எண்கள். நகல் என்று தெரிந்துவிட்டது. ஒன்றை வைத்துக்கொண்டு ஏழை நீக்கினேன். மிச்சம் 1,146. வேறு யாராக இருந்தாலும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

மார்ச் 5, புதன்

தணிகாசலம் சாரிடம் பட்டியலைக் காட்டினேன்.

"எதுலம்மா செஞ்சே இத?"

"ஆர்ல சார்."

"ஆருல?"

"ஆர் சார். ஆர்."

"அதத்தாம்மா நானும் கேக்கறேன். ஆரு?"

அவர் ஊர்ப்பக்கம் 'யாரு' என்பதை 'ஆரு' என்பார்கள். இது எனக்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் அவர், நான் வெளியாள் ஒருவரை வைத்து அரசாங்க வேலையைச் செய்துவிட்டேன் என்ற முடிவுக்கு வந்திருந்தார். அது ஆளில்லை, ஆங்கில எழுத்து என்று தாளில் எழுதிக் காட்டினேன். "ஒத்த எழுத்துல பேரா? இனிஷியலாவது உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் விட்டார்.

பட்டியலோடு ஒரு குறிப்பும் வைக்கச் சொன்னார். எழுதினேன்: "எஸ்டி கோஆர்டினேட்ஸ் மூலம் 1,146 ஊர்களின் விவரங்கள் பிரித்தெடுக்கப்பட்டன." தட்டச்சர் ரெஜினா மேடத்திடம் கொடுத்தேன்.

மார்ச் 6, வியாழன்

கோப்பு தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. கையெழுத்துப் போடும் முன் முழுவதும் படித்துப் பார்த்தேன். அதாவது, எண்களைப் படித்தேன்.

மிக்ஸிக்காரர் வந்தார். மோட்டார் போய்விட்டதாம். புதிதே வாங்கிவிடலாம் என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் மோட்டாரைப் பார்த்தேன்.

மார்ச் 12, புதன்

கோப்பு திரும்பி வந்திருக்கிறது. மூன்று வினாக்களோடு. அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் யாரும் நம்பப் போவதில்லை.

"1. பழங்குடியினர் ஆயத்தொலைவுகள் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டதன் காரணம் யாது?

2. ஏனைய வகுப்பினரின் ஆயத்தொலைவுகள் எப்போது பிரித்தெடுக்கப்படும்?

3. மாவட்டத்திலுள்ள பழங்குடியினர் குடியிருப்புகளின் பெயர்ப்பட்டியலைத் தனியே அனுப்பி வைக்கவும்."

ஓடிப்போய் என் குறிப்பை எடுத்துப் பார்த்தால், "பழங்குடியினர் ஆயத்தொலைவுகள் மூலம் 1,146 ஊர்களின் விவரங்கள்" என்று அழகாக அச்சாகியிருக்கிறது. அடியில் என் கையெழுத்து.

"மேடம், இது என்ன?"

ரெஜினா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோப்புல இங்கிலீஷே இருக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை வந்திருக்கே, பாக்கலையா நீ? கோஆர்டினேட்ஸ்னா ஆயத்தொலைவு. அகராதியில தேடி எடுத்தேன், தெரியுமா? எஸ்.டி.ன்னா பழங்குடியினர். அதுக்கு அகராதியே தேவையில்ல."

அவர் மேல் எப்படிக் கோபப்படுவது? இருபத்தாறு வருடமாக அந்த இரண்டு எழுத்தும் அவருக்கு ஒரே பொருளில்தான் மேசைக்கு வந்திருக்கின்றன. ஆனாலும் கோபப்பட்டேன். சாயங்காலம் அவருக்கு ஒரு முறுக்குப் பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 13, வியாழன்

தணிகாசலம் சாருக்கு விளக்கினேன். அந்த எஸ்டி வகுப்பு இல்லை சார், இடத்தைக் குறிக்கிற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம், கட்டளையோட பேரே அப்படித்தான் என்றேன்.

"அப்ப எஸ்.சி. கோஆர்டினேட்ஸ்னு ஒண்ணு இல்லையா?"

"இல்ல சார்."

"பி.சி.?"

"இல்ல சார்."

"இத மேல எழுதினா பிரச்சின ஆயிடும்மா. ஒரு வகுப்புக்கு மட்டும் கட்டளை இருக்கு, மத்தவங்களுக்கு இல்லன்னு படிப்பாங்க." மோட்டுவளையைப் பார்த்தார். "முதல் ரெண்டையும் நான் சமாளிக்கறேன். மூணாவது சுலபம். மலைமேல இருக்கற ஊருங்க பேரை உன் பட்டியல்லேர்ந்து எடுத்துக் குடுத்துடு. அதோட வாய மூடிடுவாங்க."

அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. நாளை காலை ஐந்து நிமிட வேலை.

மார்ச் 14, வெள்ளி

மலைமேல் உள்ள ஊர்களைத் தேடினேன்.

ஒன்றுமில்லை.

மறுபடி தேடினேன். பெயரை வேறு எழுத்தில் போட்டிருப்பார்களோ என்று எல்லா விதமாகவும் தேடினேன். வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். மாவட்டம் முழுக்க அம்மை போட்டது போல் புள்ளிகள். மலை மட்டும் மாசு மருவில்லாமல் இருந்தது.

மூலக் கோப்பைத் திறந்தேன். நான் சுத்தம் செய்வதற்கு முந்தையது. ஊஞ்சக்காடு முதலாக ஏழு மலையூர்களும் அதில் இருக்கின்றன. அடிவாரம் என்ற ஊரும் இருக்கிறது. எட்டுக்கும் ஒரே எண்கள். ஆறு தசம இடம் வரை.

மதியம் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 15, சனி

வீட்டைக் கழுவினேன். அம்மா, "என்னடி ஆச்சு உனக்கு?" என்றாள். ஒன்றும் ஆகவில்லை என்றேன். மாடிப்படியையும் கழுவினேன்.

மார்ச் 17, திங்கள்

இன்று குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. மூலக் கோப்பை ஏழு முறை திறந்து மூடினேன்.

மார்ச் 18, செவ்வாய்

பிச்சாண்டி அண்ணனைத் தேநீர் இடைவேளையில் பிடித்தேன். நாற்பத்தெட்டு வயது, வலது முழங்காலில் எப்போதும் ஒரு பட்டை. நேரடியாகவே கேட்டேன்.

"அண்ணே, ஊஞ்சக்காடு போனீங்களா?"

"போனேனே மேடம்."

"எதுவரைக்கும்?"

டீயை ஒரே மடக்கில் குடித்தார். "அடிவாரத்துல ஒரு டீக்கடை இருக்கு மேடம். அங்கேர்ந்து பாத்தா மலை பளிச்சுனு தெரியும்."

"பாத்தா போதுமா? போக வேண்டாமா?"

"மேல டவரே கெடையாது மேடம். புள்ளி விழாதுன்னு நெனச்சேன். கடையில நின்னு ஒரு அமுக்கு அமுக்கினேன். அதையே எட்டு ஊருக்கும் ஒட்டிட்டேன். எல்லாம் ஒரே மலைதானேன்னு..." முழங்காலைத் தடவிக்கொண்டார்.

புள்ளிக்கு டவர் வேண்டாம், தலைக்குமேல் வானம் இருந்தால் போதும் என்று இரைந்தேன். அதுவரை அவருக்கு அதை யாரும் சொல்லவில்லையாம். பயிற்சி கொடுத்திருக்க வேண்டியவள் யார் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

பட்டியலில் மலையூர்களே இல்லை என்றதும் ஒன்று சொன்னார். "நான் ஒட்டினது தப்புதான் மேடம். ஆனா பேராவது பட்டியல்ல இருந்துச்சே. அது எப்படிக் காணாம போச்சு?"

பேச்சை மாற்றினேன்.

மார்ச் 19, புதன்

கணக்கு இவ்வளவுதான். திருத்தப் பட்டியல் அனுப்பக் கடைசி நாள் மார்ச் 25. அனுப்பினால் 'திருத்தத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்ப வேண்டும். நிரப்பினால் நீட்டிப்பு இல்லை. அனுப்பாவிட்டால், "பழங்குடியினர் குடியிருப்புகள்: இல்லை" என்று ஒரு வரி எழுதினால் போதும். பட்டியலும் அதைத்தான் சொல்கிறது. யாருக்கும் தெரியாது. மலைமேல் ஏழு ஊருக்குத் தொட்டி வராது. எப்போது வந்தது, இப்போது வராமல் போக?

இந்தக் கடைசி வரியை நான்தான் எழுதினேனா என்று இப்போது படித்துப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. அடிக்காமல் விடுகிறேன்.

மார்ச் 20, வியாழன்

சனி, ஞாயிறு மலைக்குப் போகலாம் என்று பிச்சாண்டி அண்ணனிடம் சொன்னேன். முடிவு எதுவும் எடுத்துவிடவில்லை. மலைக்காற்று உடம்புக்கு நல்லது.

மார்ச் 23, ஞாயிறு

கால் என்னுடையதாக இல்லை. நேற்று நான்கு ஊர், இன்று மூன்று. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அடிவாரத்து டீக்கடைக்காரர் எங்களைக் கண்டதும், "வாங்க பிச்சாண்டி, எட்டு ஊரும் இங்கதான இருக்கு, இன்னும் எங்க கெளம்பிட்டீங்க?" என்றார். விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. போண்டா நன்றாக இருந்தது. ஒன்றுதான் சாப்பிட்டேன், பிறகு இன்னும் மூன்று.

ஊஞ்சக்காட்டுக்கு ஏறவே இரண்டரை மணி நேரம். பிச்சாண்டி அண்ணன் ஒரு முறைகூட முனகவில்லை. நான் இரண்டு பேருக்கும் சேர்த்து முனகினேன். ஊரில் முப்பது வீடு இருக்கும், சரிவில் மேலே பாதி, கீழே பாதி. கைபேசியை எடுத்ததும் கூட்டம் கூடிவிட்டது.

"இது எதுக்கு அம்மிணி?" என்று கேட்டவர் வெள்ளச்சி. அறுபது வயதிருக்கும். பேசுவதெல்லாம் ஊர் சார்பாகத்தான் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"உங்க ஊரைப் புள்ளியா குறிக்கணும்மா. தொட்டிக் கணக்குக்கு."

"அப்ப நீங்க நிக்கற எடத்துக்குத்தான் தொட்டி வருமா?"

அப்படியில்லை, இது கணக்குக்காக மட்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மேல்வீதிக்காரர் ஒருவர் என் வலது கையைப் பிடித்து மேலே இழுத்தார். கீழ்வீதி அம்மா ஒருவர் இடது கையை. "கோயில்கிட்ட நில்லுங்க!" "கோயில்கிட்ட எதுக்கு? சாமியா தண்ணி கேட்டுச்சு?" "பள்ளிக்கூடத்துக்கிட்ட!" "வாத்தியாரே வர்றதில்ல, அங்க எதுக்குத் தொட்டி?" நான் எம்.எஸ்சி.யில் படித்தது, புள்ளிக்கு நீளமில்லை, அகலமில்லை என்று. முப்பது வீட்டை அதற்குள் எப்படி உட்கார வைப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

வெள்ளச்சி எல்லோரையும் ஒரு அதட்டுப் போட்டார். "ஊத்துலேர்ந்து கொடத்தத் தூக்கிட்டு வரையில எந்தக் கல்லுல எறக்கி வெச்சு மூச்சு வாங்கறோம்?"

பெண்கள் எல்லோரும் ஒரே திசையைக் காட்டினார்கள். ஆண்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள்.

"அங்க வந்து நில்லு அம்மிணி" என்றார். போய் நின்றேன். தட்டையான கரும்பாறை, நடுவில் குடம் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகியிருந்தது. திரையில் துல்லியம் காட்டும் வட்டம் சுருங்கி நான்கு மீட்டருக்கு வரும்வரை கூட்டம் மூச்சுவிடாமல் நின்றது. அழுத்தினேன். பிச்சாண்டி அண்ணன் உரக்க எண்களைப் படிக்க, யாரோ கை தட்டினார்கள்.

இறங்கும்போது வெள்ளச்சி கூடவே கொஞ்ச தூரம் வந்தார். "போன மாசம் பட்டியல்ல எங்க ஊரு இருந்துச்சுன்னு இந்தப் பிச்சாண்டி சொன்னாரு. அப்புறம் இல்லாம போச்சாமே. அழிச்சது ஆரு?"

'ஆர்' என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. கணினிதான் அழித்தது, நான் ஒரு வரி அடித்தேன், அவ்வளவே.

"நான்தாம்மா" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "ஒத்துக்கற ஆளைப் பாத்ததேயில்ல" என்று சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்து இரண்டு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அழுதேன். பிச்சாண்டி அண்ணன் மலையைப் பார்ப்பது போல் திரும்பி நின்றுகொண்டார்.

மார்ச் 24, திங்கள்

திருத்தப் பட்டியல் தயார். ஏழு புள்ளிகள், ஏழு வெவ்வேறு எண்கள். இந்த முறை ஊர்ப்பெயர்களை முதலிலேயே ஒட்டிவிட்டேன்.

'திருத்தத்துக்கான காரணம்' கட்டத்தில் எழுதினேன்: "எட்டு வரிகள் ஒன்றுபோல் இருந்ததால் நகல் என்று கருதி, பெயர்களைப் பார்க்காமல், நான் ஏழை நீக்கினேன்."

தணிகாசலம் சார் படித்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"ஏழையை நீக்கினியா? அரசாங்கக் கோப்புல எழுதற வார்த்தையாம்மா இது?"

"ஏழு சார். எண். ஏழு, ஏழை."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சட்டமன்றத்துல எவனாவது இத வாசிச்சான்னா? 'ஏழு ஊர்களை'ன்னு போடு." மாற்றினேன். ஆனால் அவர் சொன்ன வாக்கியம் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. என் முதல் வாக்கியம்தான் சரியோ என்று தோன்றியது.

அவர் விடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "இன்னொண்ணு. 'நான்'ங்கறத எடுத்துடு. 'நீக்கப்பட்டுவிட்டபடியால்'னு போடு. யாரு நீக்கினான்னு யாருக்கும் தெரியாது. காத்து வந்து நீக்கினாப்புல இருக்கும். முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல கோப்புல 'நான்'னு ஒரு வார்த்தைய நான் பாத்ததே இல்ல. உனக்கு நீட்டிப்பு வேணுமா, வேணாமா?"

"வேணும் சார்."

"அப்ப எடு."

"பிச்சாண்டியண்ணன் மேல போயிடும் சார். இல்ல, ரெஜினா மேடம் மேல. நீக்கினது நான்தான்."

அவர் பேனா மூடியைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். 'நான்' அப்படியே போயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு கடையில் மிக்ஸி விசாரித்தேன். விசாரிக்கத்தான்.

மார்ச் 28, வெள்ளி

பதில் வந்துவிட்டது. ஏழு ஊர்களும் சேர்க்கப்பட்டன. ஏழுக்கும் தொட்டி. ஏனென்றால் அவற்றுக்கும் தண்ணீருக்கும் உள்ள தூரம்தான் மாவட்டத்திலேயே அதிகம். பிச்சாண்டி அண்ணனுக்கு நானே போய்ச் சொன்னேன். முழங்கால் பட்டையோடு ஒரு குதி குதித்தார், உடனே வருந்தினார்.

கடிதத்தின் இரண்டாம் பத்தி: "மேற்படி கோப்பில் 'நான்' எனக் குறிப்பிடப்பட்டுள்ளவர் யார்? பெயர், பதவி, பணியில் சேர்ந்த நாள் ஆகிய விவரங்களை உடன் அனுப்பவும்."

ரெஜினா மேடம் என் விவரங்களைத் தட்டச்சு செய்தார். அனுப்பும் முன் என்னிடம் மூன்று முறை படித்துக் காட்டினார். அங்கயற்கண்ணி, தரவு உதவியாளர். இரண்டு 'ண'வும் சரியாக இருந்தன.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எனக்கு இந்த வேலை வேண்டும். முதல் நாளிலிருந்தே வேண்டும். பயமில்லை என்று எழுதியதெல்லாம் சும்மா.

மார்ச் 31, திங்கள்

மேசை இழுப்பறையைக் காலி செய்தேன். டப்பா, குடை, இரண்டு பேனா, காய்ந்துபோன ஒரு கொய்யா. நான்கு மணிக்கு விடைபெறப் போனேன்.

தணிகாசலம் சார் ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தானாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"எங்கம்மா கெளம்பிட்டே? உன் மேல விசாரணை."

உட்காரச் சொன்னார். படித்தார்: "பிழைக்குப் பொறுப்பேற்றுள்ள பணியாளர் மீது துறைசார் விசாரணை நடத்தப்படும். விசாரணை முடிவடையும் வரை அவரைப் பணியிலிருந்து எக்காரணம் கொண்டும் விடுவிக்கக் கூடாது."

"சார், அப்படின்னா?"

"அப்படின்னா நாளைக்கு ஒன்பதே முக்காலுக்கு வந்துடணும். நீட்டிப்புன்னா ஆறு மாசம். விசாரணைன்னா அதுபாட்டுக்குப் போகும். நம்ம ஆபீஸ்லயே ஒருத்தர் மேல காணாம போன ஸ்டேப்ளருக்கு விசாரணை. பதினாலு வருஷம் ஆச்சு. அவருக்குப் பேரன் பொறந்துட்டான்." கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். "விசாரணைய எப்படியாவது முடிச்சுடணும்னு மட்டும் அவசரப்படாதே."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவளுக்கு ஆட்சித்தமிழ் புரியாது என்பதால் உட்கார வைத்து ஒவ்வொரு வரியாக விளக்கினேன். முழுவதும் கேட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

அழுதுகொண்டு யார் வீட்டிலாவது உட்கார்ந்திருப்பாள் என்று பயந்து கால் மணி நேரம் கழித்துத் தேடிக்கொண்டு ஓடினேன். முனையில் பார்த்தேன். அம்மா கையில் லட்டு டப்பா. வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டே போகிறாள்: "எங்க அங்கயற்கண்ணி மேல விசாரணை வெச்சுட்டாங்க. இனிமே பர்மனெண்ட்தான்!"